தோட்டம் கேள்வி – பதில்: ஐதாகிப்போன புல்தரைக்கு எந்த விதைப்பு?

தென் ஒன்ராறியோவில் புல் விதைக்க நல்ல காலம் ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கி செப்டெம்பர் மூன்றாம் வாரத்தோடு முடிகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை என்பதால் முழுப் பகுதியையும் புல்லுக்கே கொடுத்துவிட்டோம்.

பின்வளவில் 1,200 சதுர அடி புல்தரை இருக்கிறது. ஐந்தாறு வருடமாக ஐதாகிக்கொண்டே வந்து இப்போது இடையிடையே மண் தெரிகிறது. போன மே மாதம் இரண்டு பை விதை வாங்கிக் கையால் தூவினேன். பாதியைக் குருவி தின்றது, முளைத்தது யூலை வெயிலில் கருகியது. இம்முறை மெஷின் எடுக்கலாம் என்றிருக்கிறேன். வாடகைக் கடையில் ஏரேட்டரும் உண்டு, ஸ்லிட் சீடரும் உண்டு. எதை எடுப்பது?
— ஸ்காபரோ வாசகர்

மெஷினை முடிவுசெய்வதற்கு முன் ஒரு பழைய ரொட்டி வெட்டும் கத்தியையும் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போங்கள். புல் மோசமாக இருக்கும் இடத்துக்கும் நன்றாக இருக்கும் இடத்துக்கும் நடுவில், ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டி, பாயின் மூலையைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பாருங்கள். வெட்டு முகத்தில், பச்சைக்குக் கீழே மண்ணுக்கு மேலே, தேங்காய்த் தும்பு போன்ற ஒரு பழுப்புப் படலம் தெரியும். தாட்ச் என்பது அதுதான். அரை அங்குலத்துக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தால் நீங்கள் மே மாதம் போட்ட விதை மண்ணைக் கண்டிருக்கவே வாய்ப்பில்லை. தும்பின் மேல் விழுந்து, ஈரத்தில் முளைத்து, வேரை இறக்க இடமில்லாமல் செத்திருக்கும். புரட்டிய இடத்தில் வெள்ளைப் புழு இருக்கிறதா என்றும் பாருங்கள் (அதைப் பற்றி இன்னொரு கேள்வி கீழே இருக்கிறது). அடுத்து, மழை பெய்த மறுநாள் ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்துங்கள். ஐந்தாறு அங்குலம் இறங்கினால் மண் பரவாயில்லை. இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டால் அடியில் களி இறுகிக் கிடக்கிறது. கட்டுமான வண்டிகள் ஏறி இறங்கிய புறநகர் வளவுகளில் இது சாதாரணம்.

இந்த இரண்டு சோதனையும்தான் மெஷினைச் சொல்லும். ஏரேட்டர் மண்ணுக்கான மருந்து. இறுகிய மண்ணிலிருந்து விரல் தடிப்பில் இரண்டு மூன்று அங்குல நீள உருளைகளைப் பிடுங்கி மேலே போடும். அது விதைக்கும் மெஷின் அல்ல. ஸ்லிட் சீடர் விதைக்கும் மெஷின். வட்டத் தகடுகளால் மண்ணைக் கால் அங்குல ஆழத்துக்குக் கீறி, கீறலுக்குள் விதையை விடும். இறுகிய மண்ணை அது இளக்காது. ஆகவே ஸ்க்ரூ டிரைவர் இறங்கவில்லையென்றால் ஏரேட்டர். இறங்குகிறது, தும்பும் அரை அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கிறது, புல் மட்டும் ஐது என்றால் ஸ்லிட் சீடர். இரண்டு கோளாறும் இருந்தால் முதல் நாள் ஏரேட்டர், மறுநாள் ஸ்லிட் சீடர். தும்பு முக்கால் அங்குலத்தைத் தாண்டியிருந்தால் இந்த இரண்டுக்கும் முன்னால் பவர் ரேக் போட்டு அதை வாரி எடுத்தாக வேண்டும். வாரியபின் புல்தரை பார்க்கச் சகிக்காது. பயப்பட வேண்டாம்.

பழைய புல் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். பாதிக்குக் கீழே போயிருந்தால், அதிலும் மிச்சம் இருப்பது கிராப் கிராஸ் என்ற ஓராண்டுக் களைப்புல்லும் மற்றக் களைகளும் என்றால், மேல்விதைப்புக்குப் போகும் காசையும் உழைப்பையும் சேர்த்துவைத்து, கிளறி, மண் போட்டு, புதிதாக விதைப்பது அல்லது சுருட்டிய புல்லை வாங்கி விரிப்பதுதான் மேல்.

உங்கள் 1,200 சதுர அடிக்கு ஏரேட்டர் வழி இப்படி. முதல் நாள் புல்லை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, வெட்டியதை வாரி எடுத்துவிடுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. காய்ந்த களியில் ஏரேட்டர் குதிக்கும். அரை அங்குலம்கூட இறங்காது. நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை ஓட்டுங்கள். ஒருமுறை ஓட்டிவிட்டு மெஷினைத் திருப்பிக் கொடுப்பவர்கள் அதிகம். துளைக்குத் துளை அரை அடி இடைவெளி இருந்தால் மண்ணுக்கும் பயனில்லை, விதைக்கும் பயனில்லை. நான்கு அங்குலத்துக்கு ஒரு துளை வரும்வரை ஓட்டுங்கள்.

அடுத்த வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மேலே கிடக்கும் மண் உருளைகளை அரை நாள் காயவிட்டு, இரும்பு ரேக்கின் பின்பக்கத்தால் தட்டி உடைத்துப் பரப்புங்கள். உடைந்த மண் துளைகளைப் பாதிக்கு நிரப்பும். அப்படிச் செய்யாமல் விதையைத் தூவினால், அது மூன்று அங்குலத் துளையின் அடிக்கு உருண்டுபோகும். விதைக் கலவையில் இருக்கும் புல் வகைகளில் ரை கிராஸ் எப்படியோ தலையை நீட்டிவிடும். பொடியான கென்டக்கி புளூகிராஸ் அந்த ஆழத்திலிருந்து வெளியே வராது. முளைப்பதும் துளைக்குத் துளை குடுமி குடுமியாக நிற்கும்.

பிறகு விதை. புளூகிராஸ், ரை கிராஸ், ஃபெஸ்க்யூ கலந்த சாதாரணக் கலவை என்றால் 1,000 சதுர அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. உங்களுக்கு இரண்டு கிலோ சரியாக இருக்கும். ஒரு கிலோவை வடக்குத் தெற்காக, மறு கிலோவைக் கிழக்கு மேற்காகத் தூவுங்கள். அளவு சரியா என்று பார்க்க, தூவும் வழியில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு வையுங்கள். ஒரு சதுர அங்குலத்தில் எட்டு முதல் பதினைந்து விதை விழுந்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கை தாராளமாகி முப்பது விதை போட்டால், பத்தாம் நாள் பச்சைக் கம்பளம்போல முளைத்து, இடமும் காற்றும் இல்லாமல் பூஞ்சணம் பிடித்து மூன்றாம் வாரத்தில் படுத்துவிடும்.

மேலே சலித்த காம்போஸ்ட் கால் அங்குலம். 1,200 சதுர அடிக்குக் கால் அங்குலம் என்பது ஏறக்குறைய 0.7 கன மீற்றர். 30 லீற்றர் பையில் வாங்கினால் 24 பை. அதற்கு மேல் வேண்டாம். பழைய புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். கடைசியாக ரேக்கைக் கவிழ்த்து மெல்ல இழுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நிரப்பிய உருளையை ஒருமுறை உருட்டுங்கள். உருளை இல்லையென்றால் தட்டையான செருப்போடு நடந்து மிதித்தாலும் போதும். குருவிக்கும் இதுதான் பதில். மண்ணோடு ஒட்டிய விதையை அது கொத்தித் தின்ன மினக்கெடாது.

உரம் போடுவதென்றால் விதைத்த அன்று தொடக்க உரம். பையில் 10-20-10 என்று இருந்தால் 1,000 சதுர அடிக்கு இரண்டரைக் கிலோ. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை லேசாகப் போடலாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நல்ல விதைப்புகள் வீணாகின்றன. முதல் மூன்று வாரம் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம்; மேல் அரை அங்குலம் காயக் கூடாது, குட்டையாகத் தேங்கவும் கூடாது. கலவையில் ரை கிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும். ஃபெஸ்க்யூவுக்கு ஒன்று இரண்டு வாரம். புளூகிராஸுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். எட்டாம் நாள் பச்சையைக் கண்டதும் ‘வந்துவிட்டது’ என்று குழாயை மூடுகிறார்கள். அந்த நேரம் புளூகிராஸ் விதை ஊறி, வெடித்து, வேர்முனையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஒரு பகல் காய்ந்தாலும் அதன் கதை முடிந்தது. மிஞ்சுவது ரை கிராஸ் மட்டும். அது கொத்தாக நிற்கும் சாதி, பக்கத்தில் படராது. வெற்றிடங்களை நிலத்தடித் தண்டால் பின்னி நிரப்பும் வேலை புளூகிராஸுடையது. அதைக் கொன்றுவிட்டு அடுத்த வருடம் ‘திரும்பவும் ஐதாகிவிட்டதே’ என்று கேட்கிறோம்.

புதுப்புல் மூன்றரை அங்குலம் வந்ததும் முதல் வெட்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தகடு கூராக இல்லாவிட்டால் வெட்டாமல் பிடுங்கும்.

மே மாதம் ஏன் தோற்றது என்றால், அப்போது முளைக்கும் நாற்றுக்கு வேர் இறங்க ஆறு வாரம்தான் கிடைக்கிறது. அதற்குள் வெயிலும் கிராப் கிராஸும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஓகஸ்ட் கடைசியில் மண் சூடாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருக்கிறது. கிராப் கிராஸ் முதல் உறைபனியில் தானாகச் சாகிறது.

போன செப்டெம்பரில் ஸ்லிட் சீடர் எடுத்து விதைத்தோம். முளைத்தது, ஆனால் நெல் வயலில் நாற்று நட்டதுபோல வரிசை வரிசையாக. சில வரிசைகளில் ஒன்றுமே இல்லை. மெஷின் பழுதா, நாங்கள் பிழையா?
— மார்க்கம் வாசகி

வரிசையாகத் தெரிவது மெஷினின் சுபாவம். தகடுகளுக்கிடையே இரண்டு அங்குலம் இருந்தால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடுதான் விழும். அதனால்தான் விதையை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை நேராகவும், மறுபாதியை முதல் கோட்டுக்குச் சாய்வாகவும் ஓட்டச் சொல்வது. செங்குத்தாகக் குறுக்கே ஓட்டினால் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள் தெரியும். சாய்வாக ஓட்டினால் கண்ணுக்குக் குறைவாகப் படும். புளூகிராஸ் இருக்கும் கலவை என்றால் அடுத்த கோடைக்குள் கோடுகள் தாமாக மூடிவிடும். முழுக்க ரை கிராஸோ டோல் ஃபெஸ்க்யூவோ என்றால் மூடாது. இந்த ஓகஸ்டில் அரை அளவு விதையோடு சாய்வாக ஒருமுறை ஓட்டுங்கள்.

வெற்று வரிசைக்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஒரே வரிசைகள் தொடக்கம் முதல் முடிவுவரை வெறுமையாக இருந்தால் விதைக் குழாய் அடைத்திருக்கிறது. ஈரப் புல்லில் ஓட்டினால் குழாயின் வாயில் சேறும் புல் துணுக்கும் அப்பிக்கொள்ளும். திரும்பும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். ஆங்காங்கே திட்டுத் திட்டாக வெறுமையாக இருந்தால் ஆழம் பிழை. கால் அங்குலத்துக்கு வைத்த தகடு இளகிய மண்ணில் ஓர் அங்குலம் இறங்கிவிடும். புல்தரையில் பத்தடி ஓட்டியபின் மெஷினை நிறுத்தி, கீறலை விரலால் விரித்து விதை எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். விரல்நகத்தின் பாதி ஆழத்துக்குக் கீழே போயிருந்தால் தகட்டை உயர்த்துங்கள். வாடகைக் கடையில் முந்தையவர் எந்த அளவில் விட்டாரோ அதிலேயே ஓட்டக் கூடாது.

இன்னொன்று. இணையக் கேபிளையும் தோட்டக் குழாயையும் சில இடங்களில் புல்லுக்குச் சற்றுக் கீழேயே புதைத்திருப்பார்கள். ஏரேட்டரோ ஸ்லிட் சீடரோ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு ‘ஒன்ராறியோ ஒன் கால்’ என்ற சேவை ஊடாக, நிலத்தடியில் கேபிள் ஓடும் இடங்களை இலவசமாகக் குறியிடச் சொல்லலாம். உங்கள் சொந்தத் தண்ணீர்த் தூவிக் குழாய்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள். தூவித் தலைகளில் நீங்களே கொடி குத்தி வையுங்கள்.

இரவில் றக்கூனும் ஸ்கங்கும் வந்து புல்லைப் பிரட்டிப் போடுகின்றன. பகலில் பிடித்து இழுத்தால் பாய்போல் கையோடு வருகிறது. விதைத்தால் சரியாகுமா?
— ஏஜக்ஸ் வாசகர்

விதைத்தால் அந்த நாற்றையும் தின்னக் கொடுப்பீர்கள். கையோடு வருகிறதென்றால் கீழே வேரில்லை. வேரைத் தின்றது வண்டின் புழு: ஐரோப்பிய சேஃபர் அல்லது ஜப்பானிய வண்டு. நகத்துண்டுபோல் வளைந்து, வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக இருக்கும். ஒரு சதுர அடியில் இரண்டு மூன்று என்றால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். ஐந்து முதல் பத்து வரை போனால் மருந்து தேவை. றக்கூன் உங்களுக்காக எண்ணிப் பார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காக இரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போடத் தடை. கைக்கெட்டும் வழி, வண்டுப் புழுவைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. நெமட்டோட் என்று தோட்டக் கடையில் குளிர்ப்பெட்டியில் இருக்கும். இந்த வண்டுப் புழுக்களுக்கு ஹெட்டரோராப்டைட்டிஸ் வகை நூற்புழு வேண்டும். முட்டை பொரித்துப் புழு சிறிதாக, மேல்மண்ணில் இருக்கும் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரைதான் அது நன்றாக வேலை செய்யும். வசந்தத்தில் புழு பெருத்துவிடும், மண்ணும் குளிர்ந்திருக்கும்; காசு கரைந்ததுதான் மிச்சம்.

அது உயிர்ப்பொருள் என்பதை மறந்தால் தோல்வி. காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கி, போடும்வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. முதலில் புல்லை நன்றாக நனையுங்கள். தெளிப்பான் வாயில் இருக்கும் நுண் வடிகட்டியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் நூற்புழு அதிலேயே நின்றுவிடும். வெயில் பட்டால் சாகும் என்பதால் பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள். தெளித்ததும் மறுபடி தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். பத்து நாள் மண் ஈரமாக இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு மூலையைப் புரட்டிப் பாருங்கள். பழுப்பேறித் தளர்ந்த புழுக்கள் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. அப்போது செத்த புல்லை ரேக்கால் வாரி, மண்ணைக் கால் அங்குலம் கீறி விதைக்கலாம். ஓகஸ்ட் 20 அளவில் நூற்புழு, செப்டெம்பர் 5 அளவில் விதை என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் காலம் ஒத்துவரும். புல் ஏற்கெனவே பாயாகக் கிளம்பியிருப்பதால் ஸ்லிட் சீடர் வேண்டாம். இருப்பதையும் சுருட்டிக்கொண்டு போகும்.

கடையில் மலிவாக ‘கொன்ட்ராக்டர் மிக்ஸ்’ என்று பெரிய பை இருக்கிறது. பக்கத்திலேயே அதன் பாதி அளவு பை இரண்டு மடங்கு விலை. விதை விதைதானே?
— பிரம்டன் வாசகர்

பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மலிவுப் பைகளில் பெரும்பாலும் ஓராண்டு ரை கிராஸ் கணிசமாக இருக்கும். ஐந்தாம் நாள் முளைத்து மனதைக் குளிர்விக்கும். பனி வந்ததும் செத்துப்போகும். சரிவில் மண் அரிக்காமல் இருக்க அது நல்லது. புல்தரைக்கு அல்ல. ‘பல்லாண்டு ரை கிராஸ்’ வேறு, ‘ஓராண்டு ரை கிராஸ்’ வேறு. ஓராண்டு வகை பட்டியலில் இருந்தால் பையைக் கீழே வையுங்கள்.

அடுத்தது பூச்சு. நீலமோ பச்சையோ பூசிய விதைகளில் எடையில் பாதிவரை பூச்சாக இருப்பதுண்டு. மேலே சொன்ன இரண்டு கிலோ என்பது வெறும் விதைக் கணக்கு. பாதி பூச்சு என்றால் நான்கு கிலோ வாங்க வேண்டும். விலையை அப்படி ஒப்பிடுங்கள்.

யூலை வெயிலில் நடைபாதையோரம், சுவரோரம் புல் மஞ்சளித்துச் சாகும் வீடுகளில் இன்னொரு சொல்லையும் தேடுங்கள்: எண்டோஃபைட். ரை கிராஸிலும் ஃபெஸ்க்யூவிலும் உள்ளே வாழும் ஒரு பூஞ்சை இது. புல்லின் சாற்றை உறிஞ்சிச் சாகடிக்கும் சிஞ்ச் பூச்சிக்கு அந்தப் புல் ஆகாது. புளூகிராஸில் இது கிடையாது. சிஞ்ச் பூச்சிதானா என்று பார்க்க ஒரு கோப்பித் தகரத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் விளிம்பில் இரண்டு அங்குலம் மண்ணில் அழுத்தித் தண்ணீர் நிரப்புங்கள். பத்து நிமிடத்தில் எள்ளைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பூச்சிகள், முதுகில் வெள்ளைச் சிறகோடு மிதந்து வரும். போன வருட மிச்சப் பையில் எண்டோஃபைட்டை நம்ப வேண்டாம். சூடான கராஜில் கோடையைக் கழித்த விதையில் விதை உயிரோடு இருந்தாலும் பூஞ்சை செத்திருக்கும்.

செப்டெம்பரில் ஊருக்குப் போகிறோம். திரும்ப ஒக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். வந்ததும் விதைக்கலாமா?
— பிக்கரிங் வாசகி

ஒக்டோபர் நடுப்பகுதிதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். முளைப்பதற்குச் சூடு இருக்கும், வேர் பிடிக்க நாள் இருக்காது. ஒரு மாதம் பொறுங்கள். நவம்பர் நடுப்பகுதிக்குப் பின், மண் 5 பாகைக்குக் கீழே இறங்கி, நிலம் இறுகி உறையாமல் இருக்கும் சில நாட்களில் விதைத்தால் விதை முளைக்காமல் உறங்கும். குளிர்காலம் முழுக்க மண் உறைந்து இளகும்போது வெடிப்புகளுக்குள் தானாக இறங்கி, ஏப்ரலில் மண் சூடானதும் எழும். உறக்க விதைப்பு என்பார்கள்.

அளவைக் கால் பங்கு கூட்டுங்கள், கொஞ்சம் அழுகும், கொஞ்சம் பறவைக்குப் போகும். முதலில் இலைகளை வாரிவிட்டு, மண் தெரியும் இடங்களை ரேக்கால் கீறித் தூவுங்கள். சரிவான இடத்தில் பனி உருகும் தண்ணீர் விதையைக் கீழே கொண்டுபோய்க் குவித்துவிடும் என்பதால் அங்கே வேண்டாம். டிசெம்பரில் ஒரு வாரம் சூடு வந்து முளைத்துவிட்டால் நட்டம்தான். அந்தச் சூதாட்டம் இதில் உண்டு. விதைத்த இடத்தில் வசந்தத்தில் சோளக் குளூட்டன் தூள் போடாதீர்கள். களை முளைப்பைத் தடுக்கும் அதே தூள் புல் முளைப்பையும் தடுக்கும்.

பெரிய மேப்பிள் மரத்தின் கீழ் எத்தனை தரம் விதைத்தாலும் நிற்பதில்லை.
— மிசிசாகா வாசகர்

ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை பார்த்து, அந்த இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறியுங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைவென்றால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் மரச்சீவல் பரப்பி, அடிமரத்தை மட்டும் மூடாமல் விடுங்கள். நான்குக்கு மேல் என்றால் மெல்லிலை ஃபெஸ்க்யூ மட்டும், 1,000 சதுர அடிக்கு இரண்டு கிலோ. மெஷின் வேண்டாம், மேப்பிளின் வேர் மேலாகவே ஓடும். ஒக்டோபரில் விழும் இலைதான் உங்கள் நாற்றைக் கொல்கிறது. ஈரமான மேப்பிள் இலை மூன்று நாள் மூடிக் கிடந்தால் போதும். ரேக் நாற்றைப் பிடுங்கும் என்பதால் ஊதுமெஷினால் இரண்டு நாளுக்கொருமுறை விலக்குங்கள்.

‘ஹைட்ரோசீடிங்’ செய்து தருவதாகத் துண்டுப்பிரசுரம் வந்தது. மெலிந்த புல்லுக்கு உதவுமா?
— மில்டன் வாசகர்

உதவாது. விதை, உரம், காகிதக் கூழ் எல்லாவற்றையும் பச்சைச் சாயத்தோடு கரைத்துப் பீச்சும் முறை அது. வெறும் மண்ணில், குறிப்பாகச் சரிவில், அருமையாக வரும். இருக்கும் புல்லின் மேல் பீச்சினால் கூழ் புல் நுனியில் ஒட்டிக் காயும், மண்ணுக்குப் போகாது. அடுத்த நாள் பச்சையாகத் தெரிவது சாயம்.

உங்கள் பகுதியை இணையத்தில் படிக்கிறேன். வீட்டின் முன் 400 சதுர அடியில் கொரியன் புல். நடுவில் ஐந்தாறு இடங்களில் சொட்டையாகிவிட்டது. ஆன்லைனில் பெர்முடா விதை வாங்கித் தூவினேன். சில இடத்தில் முளைத்து வேறு நிறத்தில், வேறு தடிமனில் நிற்கிறது. என்ன செய்வது?
— கோயம்புத்தூர் வாசகி

மேலே கனடாக்காரர்களுக்குச் சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. பெர்முடா என்பது நம் அருகம்புல்தான். கொரியன் புல் வேறு சாதி. இரண்டும் ஒரே தரையில் ஒத்துப்போகாது, வேகமாக ஓடுவது அருகுதான். முளைத்ததை வேர்த்தண்டோடு இப்போதே தோண்டி எடுத்துவிடுங்கள். ஒரு கணுவை விட்டாலும் திரும்ப வரும்.

கொரியன் புல்லுக்கு விதை தேவையில்லை, உங்கள் தரையிலேயே நாற்று இருக்கிறது. நன்றாக அடர்ந்த ஓரத்திலிருந்து கையகலத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி மூன்று அங்குலத் துண்டுகளாகப் பிரியுங்கள். சொட்டை இடத்தை நான்கு அங்குலம் கொத்தி, கோரைக் கிழங்கு இருந்தால் பொறுக்கி எடுங்கள். கோரையை மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே சிரிக்கும். மண்ணோடு மட்கிய தொழுவுரமும் மணலும் கலந்து சமப்படுத்தி, மூன்று அங்குலத்துக்கு ஒரு துண்டாக, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க நட்டு மிதித்துவிடுங்கள்.

சொட்டை பெரிதாக இருந்தால் பழைய சாணிப்பூச்சு முறை வேகமானது. புல் துண்டுகளோடு தோட்ட மண்ணையும் பச்சைச் சாணத்தையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, தோசை மாவைவிடக் கெட்டியாக, நனைத்த மண்ணின் மேல் ஓர் அங்குலத் தடிப்பில் பூசுங்கள். மேலே வைக்கோலோ காய்ந்த சருகோ போட்டு, பூவாளியால் தினமும் நனையுங்கள். இரண்டு வாரத்தில் துளிர் தெரியும்போது சருகை எடுத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் செய்யாதீர்கள். ஒரே இரவில் பூச்சு முழுவதும் வாசலுக்கு வந்துவிடும்.

சொட்டை விழுந்த இடம் மாமரம், வேப்பமரம் போன்றதன் நிழலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொரியன் புல் வெயில் விரும்பி. நிழலில் அகன்ற இலையுள்ள பஃபலோ புல்தான் நிற்கும். அதுவும் கணு நட்டு வளர்ப்பதே.